பள்ளிக்கூட நிதிக்கும் வரிச் சீர்திருத்தத்துக்கும் பல அமைப்புகள் சேர்ந்து குரல் கொடுத்தால் பலன் இருக்குமா?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நீங்களும் ஏதோ பெற்றோர் சங்கத்தில் மாட்டிக்கொண்டவர்தான். பலன் இருக்கும். ஆனால் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கையில் வைத்துக்கொண்டு போங்கள். நான் வைத்துக்கொள்ளாமல் போய் அசடு வழிந்தேன்.

நான் மதுரைப் பக்கம். கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து 22 வருடம், வீடு சாட்ஸ்வர்த்தில். மகள் படித்த பள்ளியின் ஆளுகைக் குழுவில் பொருளாளராக இருந்தேன். இங்கே அரசு கொடுப்பது போதாவிட்டால் மீதியைத் திரட்டுவது அந்தக் குழுவின் பொறுப்பு; 1996 பள்ளிச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வறுமையை வைத்துப் பள்ளிகளை க்வின்டைல் என்ற ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள்; முதல் படிதான் மிக ஏழை. முதல் மூன்றில் கட்டணம் இல்லை. எங்களுடையது நான்கு. ஆனால் அந்தக் கணக்கு பள்ளியைச் சுற்றியுள்ள வீடுகளைப் பார்க்கிறதே தவிர, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்ப்பதில்லை. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் பக்கத்து ஏழைக் குடியிருப்பான உம்லாசியிலிருந்து ஷேர் டாக்சி ஏறி வருகிறவர்கள். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு கொடுக்க வேண்டும், கொடுத்தோம். (நான் அவர்களைக் குறை சொல்வதாகக் கீழே யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.) அந்தப் பள்ளத்தைக் கேக் விற்றுத்தான் நிரப்பினோம். போதாக்குறைக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு வாட் (மதிப்புக் கூட்டு வரி) கிடையாது என்பதால், பெயின்ட்டுக்கும் காகிதத்துக்கும் பள்ளி கட்டிய வாட்டைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. கணக்கு எழுதியவளுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும்.

சரி, மாகாணத்தைக் கேட்கலாமே என்பீர்கள். அரசியலமைப்பு மாகாணங்களை வருமான வரியோ வாட்டோ போட விடாது. மத்தியில் வசூலித்துப் பங்கு பிரிக்கிறார்கள். அதனால் பள்ளிப் பணம் பேச ஆரம்பித்தால் வரியில்தான் போய் நிற்கும்.

2025 மார்ச்சில் நிதியமைச்சர் கொடொங்வானா வாட்டை 15 சதவீதத்திலிருந்து இரண்டு தவணையாக 16 ஆக்கப்போவதாகச் சொன்னார். அக்கம்பக்கத்துப் பள்ளிக் குழுக்கள், ஒரு சர்ச், ஒரு கோயில் கமிட்டி, சில ஆசிரியர்கள் எல்லோரும் சேர்ந்தோம். துண்டறிக்கையில் இரண்டே கோரிக்கை: வாட் ஏறக் கூடாது, ஆசிரியர் பணியிடம் குறையக் கூடாது. மேற்குக் கேப் மாகாணத்தில் 2,407 பணியிடங்களைக் குறைத்த செய்தி எல்லோரையும் கலங்க வைத்திருந்த நேரம்.

கூட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். ஆங்கிலத்தில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால்: "ஏம்மா, கல்விக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் இந்த வரி என்று அமைச்சர் சொல்கிறார். வரியும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டும் என்றால் காசு எங்கிருந்து வரும்?" மைக் என் கையில். "அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்றேன். ஹாலே சிரித்தது. கோயில் கமிட்டிக்காரர்கள் பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள்.

இடையில் ஒன்று. இந்தக் கூட்டமைப்பில் கணக்கு, கடிதம், மனு எல்லாம் நான் எழுதினேன். ஆனாலும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "சமோசா எத்தனை டஜன்?" ஆண்கள் யாரையாவது இப்படிக் கேட்டதுண்டா? இந்தியாவிலிருந்து வந்தவள் என்றால் எண்ணெய்ச் சட்டியோடு பிறந்தவள் என்று நினைப்பு.

ஏப்ரல் 24 அன்று வாட் உயர்வைக் கைவிட்டார்கள். எங்களால்தான் நின்றது என்று சொல்ல மாட்டேன். கூட்டணி அரசுக்குள்ளேயே இருந்த டிஏ (ஜனநாயகக் கூட்டணி) கட்சி, உயர்வை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. ஆனால் வாத்தியார் கேட்ட கேள்விக்கு மே 21 பட்ஜெட் பாதிப் பதில் சொன்னது: பெட்ரோல் வரி லிட்டருக்கு 16 சென்ட் ஏற்றம். பள்ளி வேன்காரர் என்னிடம் துண்டறிக்கையை நீட்டி, "இதில் பெட்ரோலைச் சேர்க்கவில்லையே" என்றார்.

அப்புறம் நான் உட்கார்ந்து பதில் தயாரித்தேன். அதிக வருமானக்காரர்களுக்குத் தரும் மருத்துவக் காப்பீட்டு வரிச் சலுகையைக் குறைக்கலாம், 45 சதவீத மேல்படி வருமான வரியை இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். முதலாவதில் என் வீட்டுக்காரரின் சலுகையும் போகும். அதையும் எழுதிவைத்தேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போனேன். வாத்தியார் வரவில்லை. வேறு யாரும் காசு எங்கிருந்து என்று கேட்கவில்லை. சமோசா மட்டும் ஐந்து டஜன் போதவில்லை என்றார்கள்.