மின்கருவிகள் இல்லாத 18-ஆம் நூற்றாண்டில் தச்சர்கள் எப்படி அவ்வளவு துல்லியமாக வேலை செய்தார்கள்?

அவர்கள் எல்லா இடத்திலும் துல்லியம் பார்க்கவில்லை. எங்கே தேவையோ அங்கே மட்டும் உயிரைக் கொடுத்துப் பார்த்தார்கள். நான் ஆறு வருடமாகக் கைக்கருவிகளை மட்டும் வைத்து மரவேலை செய்கிறேன். இது எனக்குப் புரியவே முதல் இரண்டு வருடம் ஆனது.

அந்தக் காலத்து இங்கிலாந்து மேசை ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால், பளபளக்கும் மகோகனி முகப்போடு நின்றுவிடாதீர்கள். இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையின் கீழ்ப்பக்கம் விரலை ஓட்டுங்கள். பல மேசைகளில் ஆழமில்லாத பள்ளங்கள் வரிவரியாகத் தட்டுப்படும். முதல் இழைப்புக்கு அவர்கள் பயன்படுத்திய இழைப்புளியின் (மரத்தைச் சீவும் கருவி) தகடு, வெட்டும் விளிம்பில் லேசாக வளைந்திருக்கும். மரத்தை வேகமாகக் குறைக்க அதுதான் வசதி. யார் கண்ணுக்கும் படாத பக்கத்தை அந்த இழைப்போடு விட்டுவிடுவார்கள்.

சரி, கண்ணில் படும் பக்கம்? முதல் இழைப்புளி மேடுகளை எடுத்ததும், இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவான நீள இழைப்புளி பலகையை நேராக்கும். நீளம் அதிகம் என்பதால் அது சின்னச் சின்னப் பள்ளங்களில் இறங்காது, மேடுகளை மட்டும்தான் சீவும். கடைசியாக ஒரு சாண் நீளமுள்ள சின்ன இழைப்புளி மேற்பரப்பை வழவழப்பாக்கும். பலகையில் முறுக்கு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நேரான குச்சிகள் போதும். முனைக்கு ஒன்றாகக் குறுக்கே வைத்து, குனிந்து ஒன்றின் மேல்விளிம்பு வழியாக இன்னொன்றைப் பார்த்தால் இம்மி முறுக்கும் தெரிந்துவிடும்.

இப்படி ஒரு முகத்தையும் ஒரு விளிம்பையும் சரியாக்கிப் பென்சிலால் குறி போட்டுவிட்டால், மற்ற எல்லாக் கோடும் அங்கிருந்துதான். கோடு கீறும் கட்டையை அந்த முகத்தோடு அணைத்துப் பலகையைச் சுற்றிக் கீறிவிட்டு, மறுபக்கத்தைக் கோடுவரை இழைப்பார்கள். கோட்டைத் தொடும் நேரத்தில் விளிம்பிலிருந்து நூல் மாதிரி மெல்லிய நார் ஒன்று பிரிந்து வரும். அது வந்தால் நிறுத்திவிட வேண்டும். முதல்முறை அந்த நார் என் விரலில் ஒட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அளவு நாடாவை நம்பித்தான் நான் முதலில் செய்த இழுப்பறை வீணானது. ஒவ்வொரு துண்டையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அறுத்தேன். சேர்த்தபோது ஒரு மூலை இடைவெளி விட்டது, இன்னொரு மூலை உள்ளேயே போகவில்லை. பழைய முறையில், புறாவின் வால் போல விரிந்த பற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் மூலை இணைப்பின் (dovetail) ஒரு பாதியை வெட்டி முடித்ததும் அதையே அடுத்த பலகை மேல் வைத்து கூர்முனையால் வரைந்துவிடுவார்கள். எண்ணே கிடையாது. முதல் பாதியில் ஒரு பல் கோணலாக இருந்தாலும், அதே கோணல் அடுத்ததிலும் இறங்கிவிடுவதால் இரண்டும் பொருந்திவிடும்.

கருவிகளைப் பற்றியும் சொல்கிறேன். 1796 கடைசியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஜோசப் சீட்டன் என்பவர் மகன் பெஞ்சமினுக்காக லண்டனில் கிறிஸ்டஃபர் கேப்ரியல் கடையில் ஒரு முழுத் தொகுதிக் கருவிகள் வாங்கினார். மகன் 1797-இல் அவற்றுக்கென்று ஒரு பெட்டி செய்தார். அந்தப் பெட்டியும் கருவிகளும் பட்டியலோடு ராச்செஸ்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. அதிகம் பயன்படுத்தாமலேயே இருந்ததால், அன்றைக்குக் கடையில் விற்ற ரம்பத்தின் பல் எப்படி இருந்தது என்பதுவரை நமக்குத் தெரிகிறது. அந்தக் காலத்து உளி, இழைப்புளித் தகடுகளில் பெரும்பாலும் இரும்பின் மேல் மெல்லிய எஃகைப் பற்றவைத்து அடித்திருப்பார்கள். எஃகு விலை அதிகம். இரும்பு மிருது என்பதால் சாணை பிடிக்கவும் சுலபம்.

அப்புறம் வஜ்ஜிரம். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் இந்தப் பசை சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். அதனால்தான் 250 வருடத்து நாற்காலியின் ஆடும் காலையும் உடைக்காமல் கழற்றி மறுபடி ஒட்ட முடிகிறது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் முதலில் சாணைக்கல்லில் பழகுங்கள். கை முடியைச் சிரைக்கிற அளவுக்கு ஒரே ஒரு உளியைத் தீட்டிய பிறகு மற்ற கருவிகளை வாங்கினால் போதும்.