மங்கலாக்கினால் துடிக்கும் விளக்கு

கேள்வி: கூடத்தில் டிம்மரோடு இருந்த நான்கு 60 வாட் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு, நான்கு 7 வாட் எல்இடி பல்புகள் போட்டேன். வெளிச்சத்தைக் குறைத்தால் படபடவென்று துடிக்கின்றன. பல்பில் கோளாறா?

பதில்: முதலில் பல்பு அட்டையைப் பாருங்கள். 'டிம்மபிள்' என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் அந்த பல்பை டிம்மரில் வைக்கவே கூடாது. உள்ளிருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்று) சீக்கிரம் கெட்டுவிடலாம்.

போட்டிருந்தால், என் சந்தேகம் டிம்மர் மேல்தான். பழைய டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 40 வாட்டாவது சுமை வேண்டும். உங்களிடம் முன்பு 240 வாட் இருந்தது. இப்போது வெறும் 28. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணு சுவிட்ச், தொடர்ந்து கடத்தப் போதிய மின்னோட்டம் இல்லாமல் நடுவிலேயே அணைந்துவிடுகிறது. குண்டு பல்பாக இருந்தால் இழையின் சூடு அந்த இடைவெளியை மறைத்துவிடும். எல்இடி அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

என் அம்மாவின் அறையில் இதே தொல்லை வந்தபோது, ஒரே ஒரு ஹோல்டரில் பழைய குண்டு பல்பைத் திரும்ப மாட்டினேன். துடிப்பு சட்டென்று நின்றது. நீங்களும் செய்து பாருங்கள். நின்றால் எல்இடிக்கான 'டிரெய்லிங் எட்ஜ்' டிம்மர் (மின் அலையின் பின்பகுதியை வெட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் வகை) வாங்குங்கள். குறைந்தபட்ச வெளிச்சத்தை அமைக்கும் சிறு திருகு அதில் இருந்தால் இன்னும் நல்லது.

முழு வெளிச்சத்திலும் துடிக்கிறதா, சுவிட்ச் பெட்டியில் சடசடப்போ கருகல் வாசனையோ வருகிறதா? அப்படியானால் ஒயர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். சோதனையெல்லாம் வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.