முதியோர் இல்லம்: அரசுப் பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது?

கேள்வி: முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசு நிதியைக் கூட்டினால் தரம் தானாக உயர்ந்துவிடும்தானே?

பதில்: தானாகவெல்லாம் உயராது. தலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொண்டால், மிச்சம் பிடிக்க நினைக்கும் நிர்வாகம் முதலில் கைவைப்பது ஆட்களில்தான், ஏனென்றால் செலவில் பெரும்பகுதி சம்பளம். ஆள் குறைந்தால் படுத்த படுக்கையாக இருப்பவரை நேரத்துக்குப் புரட்டிவிட மாட்டார்கள், புண் வந்துவிடும். கூப்பிட்டும் யாரும் வராமல் தானே எழுந்து பாத்ரூம் போகிறவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வார். வரவேற்பறை மட்டும் பளபளப்பாகவே இருக்கும்.

ஆஸ்திரேலியா செய்ததைப் பாருங்கள். புகார்கள் முற்றிப்போய் 2018இல் விசாரணை ஆணையம் அமைத்தார்கள், 2021இல் இறுதி அறிக்கை வந்தது. அப்புறம்தான் பணத்தோடு நிபந்தனையும் சேர்ந்தது. 2023 ஜூலை முதல் 24 மணி நேரமும் பதிவுபெற்ற நர்ஸ் ஒருவர் இல்லத்தில் இருக்க வேண்டும் (விலக்கு பெற்ற சில சிறிய இல்லங்கள் உண்டு). 2024 அக்டோபர் முதல் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 215 நிமிடப் பராமரிப்பு என்று இலக்கு. ஊழியர்களின் சம்பளத்தையும் 2023இல் 15 சதவீதம் ஏற்றி, அதற்கான பணத்தை அரசே கொடுத்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன், சம்பளம் கட்டுப்படியாகாத வேலையில் எவ்வளவு சட்டம் போட்டாலும் ஆள் நிற்காது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மாமியாருக்கு மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறது. நர்சிங் ஹோம் செலவை அது பார்த்துக்கொள்ளுமா?

பதில்: பலர் ஏமாறும் இடம் இது. வழக்கமான மெடிகேரில், மருத்துவமனையில் குறைந்தது 3 நாள் உள்நோயாளியாக இருந்த பிறகு தேவைப்படும் மருத்துவப் பராமரிப்புக்குத்தான் பணம் கிடைக்கும், அதுவும் அதிகபட்சம் 100 நாள். முதல் 20 நாளுக்குப் பிறகு கையிலிருந்தும் கட்ட வேண்டும். வருடக்கணக்கில் தங்குவதற்கு, வசதி குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டுதான் கதி. அதற்குத் தகுதி பெற, சேமிப்பை ஏறக்குறைய கரைத்துவிட வேண்டியிருக்கும், விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேர்ப்பதற்கு முன்பே அந்த இல்லம் மெடிகெய்டு ஏற்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு இல்லத்தின் தரத்தைச் சட்டென்று கண்டுபிடிக்க வழி?

பதில்: ராத்திரி ஷிஃப்டில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர்கள் என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.