பழைய லேப்டாப்ல லினக்ஸ் போட்டு தினசரி வேலை எல்லாம் பார்க்க முடியுமா?

"விண்டோஸ் 10-க்கு அப்டேட் நிறுத்திட்டாங்க, என் லேப்டாப்ல 11 ஏறாதுன்னு கடையில சொல்றாங்க, லினக்ஸ் போட்டு ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் மட்டும் வெச்சே ஓட்டிடலாமா, இல்ல ஃப்ரீங்கிறதுக்காக கஷ்டப்படணுமா?"ன்னு கேட்டிருக்கீங்க.

ஓட்டலாம். லினக்ஸ்ங்கிறது விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குற ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், ஓப்பன் சோர்ஸ்னா ஒரு சாஃப்ட்வேரை எழுதின கோட் யார் வேணும்னாலும் பார்த்து மாத்திக்கிற மாதிரி திறந்து கிடக்கும். நான் 2008-ல இருந்து ஓட்டிட்டு தான் இருக்கேன். அப்போ எங்க ஊர்ல நெட்டுன்னா பிஎஸ்என்எல் தான், ராத்திரி 2 மணிக்கு மேல தான் டவுன்லோட் பண்ணுவோம், ஒரு 700 எம்பி சிடி இமேஜ் இறக்குறதுக்குள்ள மூணு தடவை கரண்ட் போயிடும். உபுண்டுன்னு ஒரு லினக்ஸ் வகை, அதைச் செய்றவங்க கேட்டா சிடியை வீட்டுக்கே தபால்ல இலவசமா அனுப்புவாங்கன்னு தெரிஞ்சு அட்ரஸ் போட்டேன், சில வாரம் கழிச்சு போஸ்ட்மேன் ஒரு சின்ன அட்டைக் கவர் கொண்டு வந்து கொடுத்தார், உள்ள உபுண்டு 8.04 வெர்ஷன் சிடி. பைசா வாங்காம கடல் தாண்டி ஒருத்தன் எனக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் அனுப்புறான்னு நெனச்சு அன்னைக்கு முழுக்க சந்தோஷமா திரிஞ்சேன்.

ஆனா காசு இல்லைங்கிறது எனக்கு இப்போ பெரிய காரணமே இல்ல. உண்மையான காரணம் எங்க அப்பாவோட புஸ்தகம், அதை கொஞ்சம் விரிவா சொல்றேன்.

அப்பா அம்பாசமுத்திரம் பக்கம் ஸ்கூல் வாத்தியார். 2001-ல எங்க ஊர் குளம், கால்வாய், மடை, 1992 நவம்பர்ல தாமிரபரணியில வந்த பெரிய வெள்ளம், இதெல்லாம் சேர்த்து 72 பக்கத்துல ஒரு சின்ன புஸ்தகம் எழுதினார். டவுன்ல ஒரு டிடிபி கடையில கொடுத்து அடிச்சு, 300 காப்பி போட்டு, சொந்தக்காரங்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் கொடுத்துட்டார். 2019-ல யாரோ கேட்டாங்கன்னு திரும்ப அச்சு போடலாம்னு பார்த்தா வீட்டுல இருந்தது ஒரே ஒரு காப்பியும் ஒரு சிடியும். டிடிபி கடை மூடி பல வருஷம் ஆச்சு. சிடிக்குள்ள இருந்தது பேஜ்மேக்கர் ஃபைல், அது புஸ்தகம், பத்திரிகை பக்கம் வடிவமைக்கிற பழைய சாஃப்ட்வேர். பேஜ்மேக்கரை நான் குறை சொல்லல, அந்தக் காலத்துல தமிழ்நாட்டுல பாதி கல்யாணப் பத்திரிகை அதுல தான் போட்டாங்க, ஆனா 2004-லயே அதோட டெவலப்மென்ட் நின்னு போச்சு, இன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச யார் கம்ப்யூட்டர்லயும் அது இல்ல.

வேர்ட், எக்செல் வேலையெல்லாம் பார்க்கிற ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் லிப்ரே ஆஃபீஸ், அதுல 4.4 வெர்ஷன்ல இருந்து பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கிற வசதி சேர்த்திருக்காங்க. கைவிடப்பட்ட பழைய ஃபார்மட் ஒவ்வொண்ணையும் உள்ள பிரிச்சுப் பார்த்து, இதுல எந்த பைட்டுக்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிச்சு, திறக்கிறதுக்கு கோட் எழுதுறதுக்குன்னே ஒரு குழு இருக்கு, 2014-ல ஆரம்பிச்சது. யாரோ எப்பவோ எழுதி வெச்ச அந்த கோட் எங்க அப்பா ஃபைலைத் திறந்துச்சு. படம் எல்லாம் இடம் மாறிக் கிடந்துச்சு, பாக்ஸ் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருந்துச்சு, ஆனா எழுத்து மொத்தமும் இருந்துச்சு.

எழுத்து இருந்துச்சுன்னா தமிழா இல்ல. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்சது அது, அதாவது கம்ப்யூட்டர் உள்ள சேமிச்சு வெச்சிருக்கிறது இங்கிலீஷ் எழுத்து தான், ஃபான்ட் தான் அதுக்கு மேல தமிழ் வேஷம் போட்டுக் காட்டும். ஃபான்ட் இல்லாத இடத்துல "தமிழ்"ங்கிற வார்த்தை ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஒரு அரைப்புள்ளின்னு நிக்கும். 72 பக்கமும் அப்படியே. பைத்தான்ங்கிற ப்ரோகிராம் மொழியில எழுதின ஒரு ஓப்பன் சோர்ஸ் கன்வெர்ட்டர் கிடைச்சுது, அதுல ஓட்டினேன், பத்து செகண்ட்ல எல்லாம் யூனிகோட் தமிழா, அதாவது தனி ஃபான்ட் வேஷம் இல்லாத நிஜத் தமிழ் எழுத்தா வந்துடுச்சு. அப்பா பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுட்டே வந்தார். வெள்ளத்தைப் பத்தின அத்தியாயத்துக்குப் போகலாம்னு நான் தேடல்ல "வெள்ளம்"னு அடிச்சேன். ஒண்ணு கூட இல்லன்னு வருது. கண் முன்னாடி பக்கம் பூரா வெள்ளம், தேடினா இல்ல!

ஜூம் பண்ணி ஒவ்வொரு எழுத்தா பார்த்ததுல விஷயம் புரிஞ்சுது. பழைய ஃபான்ட்ல "கௌ" அடிக்கணும்னா ஒற்றைக்கொம்பு, க, அப்புறம் ள-ன்னு தனித்தனியா அடிப்போம். அதனால கன்வெர்ட்டர் கொம்பு போட்ட எழுத்துக்குப் பின்னாடி ள வந்தா அதை ஔகாரம்னு எடுத்துக்குது. அப்போ "வெள்ளம்"ல வர்ற முதல் ரெண்டு எழுத்து "வௌ"ன்னு ஒட்டிக்குது, புள்ளி அது தலையில போய் உட்காருது. கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியும், கம்ப்யூட்டருக்கு அது வேற வார்த்தை. வெளியே, தெளிவு, வெள்ளை எல்லாமே இப்படி கெட்டுப் போயிருந்துச்சு (நெட்ல தமிழ் படிக்கிறவங்க இந்தப் பிழையை நிறைய இடத்துல பார்த்திருப்பீங்க). கன்வெர்ட்டரோட கோட் என் கையில இருந்துச்சு, அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு, ள-க்கு அப்புறம் புள்ளியோ வேற உயிர்க்குறியோ வந்தா அது ள தான், ஔகாரம் இல்லன்னு ஒரு நிபந்தனை சேர்த்தேன், திரும்ப ஓட்டினேன். வெள்ளம் வந்துடுச்சு, வௌவால் வௌவாலாவே இருந்துச்சு. அப்பா "இப்போ தேடுலே"ன்னார், 41 இடத்துல காட்டுச்சு.

இதுல எந்த இடத்துல கதவு மூடியிருந்தாலும் அந்தப் புஸ்தகத்தை திரும்ப உட்கார்ந்து டைப் தான் அடிச்சிருக்கணும். அதனால என்னைக் கேட்டா ஓப்பன் சோர்ஸ்ங்கிறது நீங்க எழுதினது உங்க கையில இருக்கிறது. இன்னைக்கு அந்தப் புஸ்தகம் லிப்ரே ஆஃபீஸோட ஓடிடி (ODT) ஃபார்மட்ல இருக்கு, அது 2006-லயே ஐஎஸ்ஓங்கிற சர்வதேச தரம் ஆயிடுச்சு, அந்த ஃபைலோட பேருக்குப் பின்னாடி ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, உள்ள ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்ல நீங்க அடிச்ச தமிழ் அப்படியே படிக்கிற மாதிரி இருக்கும். நியாயமா சொல்லணும்னா வேர்டோட டாக்எக்ஸ் ஃபைலும் ஜிப் தான், அதுவும் இப்போ ஐஎஸ்ஓ தரம் தான், பழைய டாக் ஃபார்மட்டுக்கு இது எவ்வளவோ மேல்.

சரி, உங்க லேப்டாப்புக்கு வர்றேன். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் ப்ராசஸர்னா பெரும்பாலும் எட்டாம் ஜெனரேஷன் அல்லது அதுக்கு மேல வேணும். இதனால நல்லா ஓடிட்டு இருக்கிற எத்தனையோ மெஷின் குப்பைக்குப் போகுது, எனக்கு இதுல உண்மையாவே வருத்தம். எங்க அம்மா யூஸ் பண்றது 2013-ல வாங்கின லேப்டாப், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏத்திக் கொடுத்திருக்கேன், மின்ட்ங்கிறது இன்னொரு லினக்ஸ் வகை, எக்ஸ்எஃப்சிஇ அதோட லேசான பதிப்பு. யூடியூப் பார்ப்பாங்க, பேரன் கூட வீடியோ கால் பேசுவாங்க, மின்சார பில் கட்டுவாங்க, மகளிர் குழு கணக்கை லிப்ரே ஆஃபீஸ்ல எக்செல் மாதிரி இருக்கிற கால்க்ல போடுவாங்க. தமிழ் டைப் பண்ண, லினக்ஸ்ல கீபோர்டு மொழி மாத்துற ஐபஸ்ங்கிற வசதியில எம்17என் பேக்கேஜ் போட்டா தமிழ்99, ஃபொனெட்டிக், பழைய டைப்ரைட்டர் முறை எல்லாமே வந்துடும், அம்மா டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவங்க, அவங்க கைக்கு அந்தப் பழைய விசை தான் வருது, அது அங்கேயே இருந்துச்சு. அஞ்சு வருஷம் ஆச்சு, மாசத்துல ஒரு தடவை அப்டேட் பட்டனை நான் அமுக்கிட்டு வருவேன், அவ்வளவு தான்.

எங்க ஒத்து வராதுன்னும் சொல்லிடணும், இல்லன்னா உங்களை ஏமாத்துற மாதிரி ஆயிடும். டேலில கணக்கு எழுதுறவங்களும், ஜிஎஸ்டி, டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சொருகுறவங்களும் விண்டோஸை விடாதீங்க, டோக்கன் டிரைவரோட மல்லுக்கட்டி ஃபைல் பண்ற கடைசி தேதியைத் தவற விடாதீங்க. ஆட்டோகேட் வேலைக்கும் அதே தான். ஏமாத்தி ஆடுறதைத் தடுக்க சிஸ்டத்தோட அடி மட்டம் (கெர்னல்) வரைக்கும் இறங்குற ஆன்டி சீட் உள்ள கேம்ஸ் ஓடாது. ஃபோட்டோஷாப்ல பொழப்பு நடத்துறவங்களுக்கு கிம்ப்ங்கிற ஓப்பன் சோர்ஸ் படம் எடிட் பண்ற சாஃப்ட்வேர் மாற்றுன்னு நான் சொல்ல மாட்டேன், 2025-ல வந்த கிம்ப் 3.0 ரொம்ப முன்னேறியிருக்கு, வீட்டு உபயோகத்துக்கு தாராளமா போதும், ஆனா பிரஸ்ஸுக்கு அனுப்புற வேலை வேற. ப்ரின்டர் தான் அடுத்த தலைவலி. ஹெச்பி மாடல் நிறைய அப்படியே சொருகினா ஓடும், சில கம்பெனியோட சின்ன லேசர் ப்ரின்டர் ஓட வைக்க நான் ரெண்டு ஞாயித்துக்கிழமை செலவு பண்ணியிருக்கேன்.

வேர்ட் ஃபைல் லிப்ரே ஆஃபீஸ்ல திறந்தா கலைஞ்சு போகுதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அதுல முக்கால்வாசி ஃபான்ட் பிரச்சனை. கேலிப்ரி இல்லன்னா கார்லிட்டோ, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப்னு அதே அகலத்துல செஞ்ச ஃபான்ட் இருக்கு, அதைப் போட்டா வரி உடையாது. தமிழுக்கு அப்படி இல்ல, லதா, நிர்மலாங்கிற விண்டோஸ் ஃபான்ட் வெச்சு அடிச்ச ஃபைல் வேற தமிழ் ஃபான்ட்ல திறந்தா பக்கம் கூடும் குறையும், அதனால வெளிய அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பிடுங்க.

இன்னொரு பழைய வருத்தம். 2011-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு அரசு இலவச லேப்டாப் திட்டத்துல விண்டோஸோட சேர்த்து பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் செஞ்சது. என் தங்கச்சிக்கு வந்த லேப்டாப்பை தெருமுனைக் கடையில சார்ஜர் மாத்தக் கொடுத்தோம், கடைக்காரர் கேட்காமலே லினக்ஸை அழிச்சுட்டு திருட்டு விண்டோஸ் ஏத்திக் கொடுத்துட்டார், நல்லது பண்றதா தான் நெனச்சார் பாவம். அவ ஸ்கூல்ல ஒரு நாள் கூட யாரும் அந்த லினக்ஸைத் திறந்து காட்டல. பக்கத்துல கேரளாவுல அரசுப் பள்ளிப் பிள்ளைங்க ஐடி பாடமே லினக்ஸ்ல தான் படிக்கிறாங்க, வாத்தியாருங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுத்துட்டு தான் பிள்ளைங்க கிட்ட போனாங்க. மெஷினைக் கொடுத்து ஆளைத் தயார் பண்ணாம விட்டது பெரிய இழப்பு.

ஓப்பன் சோர்ஸ்னா கோட் எல்லாருக்கும் தெரியுமே, பாதுகாப்பு இருக்குமான்னும் கேட்பாங்க. 2024 மார்ச்ல நடந்ததை சொல்றேன். எக்ஸ்இசட்னு ஃபைலை சுருக்குற ஒரு கம்ப்ரஷன் லைப்ரரி, கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ்லயும் இருக்கும், வருஷக்கணக்கா ஒரே ஆள் சம்பளம் இல்லாம பார்த்துட்டு வந்தார். உடம்பும் மனசும் சோர்ந்து போன அவருக்கு உதவி பண்றேன்னு ஒருத்தன் புனைபெயர்ல வந்து, ரெண்டு வருஷத்துக்கு மேல ஒழுங்கா வேலை பார்த்து, நம்பிக்கை சம்பாதிச்சு, கடைசியில 5.6.0 வெர்ஷன்ல, வெளியாள் ரகசியமா உள்ள நுழைய பின்வாசல் வெச்சுட்டான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு, போஸ்ட்கிரெஸ்ங்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிற ஒரு டெவலப்பர், தன் மெஷின்ல எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருந்து கம்ப்யூட்டருக்குள்ள நுழையிற வழி) லாகின் வழக்கத்தை விட அரை செகண்ட் லேட்டாகுதேன்னு சந்தேகப்பட்டு, விடாம நோண்டி அதைக் கண்டுபிடிச்சார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போறதுக்குள்ள பிடிச்சுட்டாங்க. சோர்ஸும் பில்ட் ஃபைலும் திறந்து கிடந்ததால தான் அவரால அவ்வளவு தூரம் தோண்ட முடிஞ்சுதுன்னு நான் நம்புறேன். அதே சமயம் உலகமே சாய்ஞ்சு நிக்கிற ஒரு தூணை ஒத்தை ஆளை விட்டு தாங்க விட்டோமே, அது நம்ம எல்லார் தப்பும் தான். நான் வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு துணி எடுக்கிற கணக்குல, அந்த வருஷம் அதிகமா யூஸ் பண்ண ஒரு ப்ராஜெக்டுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புவேன். காசு முடியலன்னா தமிழ் மொழிபெயர்ப்புல நாலு வரி திருத்துங்க, பிழை இருந்தா எழுதிப் போடுங்க.

நீங்க ஆரம்பிக்கிறதா இருந்தா விண்டோஸை உடனே அழிச்சுடாதீங்க. முதல்ல விண்டோஸ்லயே ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், விஎல்சி போட்டு ஒரு மாசம் அதுலயே வேலை பாருங்க, கை பழகிடும். அப்புறம் ஒரு 8 ஜிபி பென்டிரைவ்ல மின்ட் ஏத்தி, இன்ஸ்டால் பண்ணாம அதுல இருந்தே ஓட்டிப் பாருங்க, வைஃபை வருதா, சவுண்ட் வருதா, மூடித் திறந்தா தூக்கத்துல இருந்து எழுந்திருக்கா, ப்ரின்டர் அடிக்குதா, இந்த நாலும் சரின்னா முக்கால் கிணறு தாண்டின மாதிரி. ஃபைல் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு தான் கை வைக்கணும், இதை மட்டும் சோம்பல் படாம செய்யுங்க. பழைய ஃபான்ட்ல அடிச்ச தமிழ் ஃபைல் ஏதாவது வீட்டுல கிடந்தா அதையும் அந்தக் கையோட மாத்திடுங்க. லேப்டாப் மாடலும் ப்ரின்டர் பேரும் கமென்ட்ல போடுங்க, ஓடுமா ஓடாதான்னு பார்த்து சொல்றேன்.