வயிறு நிறையும், பசி தீராது: நுண்நெகிழி பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: பிளாஸ்டிக் எதனோடும் எளிதில் வினைபுரியாத பொருள். மீனோ சிப்பியோ விழுங்கினாலும் கழிவோடு வெளியே வந்துவிடும்தானே? பிறகு எப்படி அதை நஞ்சு என்கிறார்கள்?

பதில்: பெரும்பகுதி வெளியே வந்துவிடுவது உண்மைதான். உள்ளே இருக்கிற நேரத்தில் அது பிடித்துக்கொள்ளும் இடம்தான் முதல் பிரச்சினை. 5 மி.மீ.க்குக் குறைந்த துண்டுகளை நுண்நெகிழி என்கிறோம். அவற்றில் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ளவை, நீரை வடிகட்டி உண்ணும் உயிர்களுக்குப் பாசிச் செல்லைப் போலவே இருக்கும். கண்ணாடி போன்ற உடல் கொண்ட, டாஃப்னியா என்னும் சின்னஞ்சிறு நன்னீர் உயிரியை நுண்ணோக்கியில் பாருங்கள். பாசி தின்றிருந்தால் குடல் பச்சைக் கோடாகத் தெரியும். பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கின் நுண்ணிய மணிகளைத் தின்றிருந்தால் அதே கோடு வெளிறிப்போய் அடைத்துக்கொண்டு நிற்கும். வயிறு நிறைந்திருக்கிறது, சத்து இல்லை.

கோப்பிபோடு என்னும் மிதவை உயிரிகளுக்கு 20 மைக்ரான் மணிகளைக் கொடுத்துப் பார்த்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டியது. 24 மணி நேரத்தில் அவை தின்ற பாசிச் செல்களின் எண்ணிக்கை 11 விழுக்காடுதான் குறைந்தது. உடலுக்குள் போன கார்பனோ 40 விழுக்காடு குறைந்துவிட்டது. மணிகளின் அளவை ஒத்த பெரிய செல்களை விட்டுவிட்டுச் சிறியவற்றைத் தின்னத் தொடங்கியதே காரணம். நாள் நீள நீள முட்டைகள் சிறுத்தன, பொரிப்பதும் குறைந்தது. ஆனால் ஒன்றும் கூடுதலாகச் சாகவில்லை. அதனால்தான் ‘எத்தனை செத்தது’ என்று மட்டும் எண்ணுகிற சோதனையை வைத்து ஆபத்தில்லை என்று சொல்லிவிடக் கூடாது என்கிறோம்.

சிப்பிகளிலும் இதே கதைதான். 2 மற்றும் 6 மைக்ரான் மணிகளோடு இரண்டு மாதம் வளர்த்ததில் முட்டை எண்ணிக்கை 38 விழுக்காடும், விந்தணுவின் வேகம் 23 விழுக்காடும் சரிந்தன. செரிமானத்தில் விட்டதை ஈடுகட்ட உடல் இனப்பெருக்கத்துக்கான சக்தியைச் சுருக்கிக்கொள்கிறது. உருண்டை மணியைவிடத் துணி இழை மோசம். சுருண்டு சிக்கி, வெளியேற நாளாகும்.

கேள்வி: பிளாஸ்டிக்கில் சேர்க்கும் ரசாயனங்கள்?

பதில்: அவையும் கசியும். தெளிவான உதாரணம் டயர் தேய்மானத் துகள். ரப்பரில் விரிசல் விழாமலிருக்க ‘6பிபிடி’ என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து ‘6பிபிடி-குயினோன்’ ஆகிறது. அமெரிக்காவின் வடமேற்கில், மழைக்குப் பிறகு ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்ததற்கு இதுதான் காரணம் என்பது 2020 டிசம்பரில் வெளியானது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கே பாதி மீன்களைக் கொல்லப் போதும். அதே குடும்பத்துச் சம் சால்மனுக்கோ அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. ஓர் இனத்தில் கிடைத்த முடிவை இன்னோர் இனத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

கேள்வி: கல்லூரிச் செயல்திட்டத்துக்கு டாஃப்னியாவில் நுண்நெகிழிச் சோதனை செய்யப்போகிறேன். எங்கே தவறு நேரும்?

பதில்: முதலில் பிளாஸ்டிக் மணிகள் வரும் குப்பியில்! விலைக்குக் கிடைக்கும் மணிகள் பலவற்றில் கெடாமலிருக்கச் சோடியம் அசைடும், ஒட்டாமலிருக்கச் சோப்பு போன்ற ஒரு பொருளும் கலந்திருக்கும். அசைடே டாஃப்னியாவைக் கொன்றுவிடும்; பழி பிளாஸ்டிக் மேல் விழும். ஆகவே மணிகளை நன்றாகக் கழுவுங்கள். கழுவும் முன் அந்தக் கரைசலில் கொஞ்சத்தை வடிகட்டி, மணியில்லாத நீர்மத்தை மட்டும் ஒரு குவளையில் சேர்த்து அதில் தனியே சோதித்துப் பாருங்கள். இன்னொரு குவளையில் அதே அளவுள்ள களிமண் துகள். இரண்டில் எதில் அதே பாதிப்பு வந்தாலும் குற்றவாளி பிளாஸ்டிக் அல்ல.

24 மணி நேரத்துக்குள் பிறந்த குஞ்சுகளாக, நீரில் மணிகளின் ஒவ்வொரு செறிவுக்கும் 20 எடுத்து, ஐந்து ஐந்தாக நான்கு குவளைகளில் விடுங்கள். ஒரு குஞ்சுக்கு 2 மி.லி. நீராவது வேண்டும். வெப்பம் 18 முதல் 22 டிகிரி. 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல அசைத்து, 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும், துகள் இல்லாத குவளைகளிலேயே 10 விழுக்காட்டுக்கு மேல் அசைவற்றுப் போனால் சோதனையைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக் மிதக்கும். நீர்ப்பரப்பில் படலமாகி, மேலே வரும் குஞ்சை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்; அந்தச் சாவு விழுங்கியதால் வந்ததல்ல. பாலிஸ்டைரீன் மெதுவாக அடியில் படியும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் நடுமட்டத்து நீரை எடுத்து மணிகளை எண்ணுங்கள். எடையை மட்டும் எழுதாதீர்கள். ஒரு மில்லிகிராமில் 10 மைக்ரான் மணி சுமார் 18 லட்சம். 1 மைக்ரான் மணியானால் சுமார் 180 கோடி. எண்ணிக்கையும் அளவும் இல்லாத முடிவை வேறு எந்தச் சோதனையோடும் ஒப்பிட முடியாது.