படம் வரைந்தே வாழலாமா? தலவாக்கலை வாசகியின் கேள்வி

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து 27 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படித்தவர். பென்சிலில் ஆட்களின் உருவப்படம் வரைகிறார், பாடசாலைச் சுவர்களுக்கும் கோயில்களுக்கும் படம் தீட்டுகிறார், கல்யாண மேடைக்குப் பின்னணி செய்கிறார். சனிக்கிழமைகளில் 18 பிள்ளைகளுக்குச் சித்திர வகுப்பும் நடத்துகிறார். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். அவர் கேட்டவற்றைச் சுருக்கித் தருகிறேன்:

"ஒரு மாதம் கை நிறையக் காசு, மறுமாதம் பஸ்ஸுக்கும் இல்லை. 'கொழும்பில் கடையில் வேலை இருக்கிறது, வா' என்கிறார் மாமா. ஹட்டனில் சின்னதாக ஒரு கடை போட்டு, வரைவதற்கு ஒரு டெப்பும் வாங்க 3 லட்சம் கடன் எடுக்கலாமா? எல்ல ஊர்ப் பக்கத்து விடுதி ஒன்று என்னுடைய எட்டுப் படங்களை 60,000 ரூபாய்க்குக் கேட்கிறது. கோப்பையிலும் டீசேர்ட்டிலும் அச்சடிப்பார்களாம். கொடுக்கலாமா? இந்தத் தொழிலை நம்பி வாழ முடியுமா?"

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியும். உங்கள் கணக்கே அதைச் சொல்கிறது. 2025ஆம் ஆண்டின் பன்னிரண்டு மாத வரவையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தீர்களே, அது பெரிய வேலை. ஏப்ரலில் நுவரெலியா சீசனோடு 140,000, ஆவணிக் கல்யாணங்களால் ஓகஸ்டில் 96,000. ஒக்டோபரில் வெறும் 9,000, நவம்பரில் 12,000. எல்லாவற்றையும் கூட்டினால் 648,000. வர்ணம், கன்வஸ், சட்டம், கண்ணாடி, பஸ் என்று போன 168,000ஐக் கழித்தால் மிச்சம் 480,000. மாதத்துக்குச் சராசரி 40,000.

ஆக, உங்களிடம் வருமானம் இருக்கிறது. அது ஒரே சீராக வரவில்லை, அவ்வளவுதான். ஏப்ரலில் 140,000 கையில் இருந்தபோது வீட்டுக்கு அலுமாரி வாங்கினீர்கள், தம்பிக்குப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள். ஒக்டோபரில் அம்மாவின் தோட்டை அடகு வைத்தீர்கள். அலுமாரி வாங்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஏப்ரல் காசு ஏப்ரலுக்கு மட்டும் உரியதல்ல, அதற்குள் ஒக்டோபரின் அரிசியும் இருந்தது.

இதை உங்கள் அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மழை விழுந்ததும் கொழுந்து பொங்கும், மேலதிகக் கிலோவுக்குக் காசு வரும். மாசி வெயிலில் செடி காய்ந்து நின்றால் எடை விழாது, அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிடுவார்கள். அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் அவர் உங்களைப் படிக்க வைத்தார். ஆனாலும் அவருக்கு ஒரு பிடிமானம் இருந்தது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் சம்பளப் பதிவில், பேர் இருந்தது, பத்தாம் திகதி சம்பளம் வந்தது. உங்களுக்கு அந்தச் செக்ரோலை நீங்களேதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எப்படி என்று கேட்டால், வங்கியில் இரண்டு கணக்கு. ஓர்டர் காசு, வகுப்புக் காசு, கல்யாண வீட்டில் சுருட்டிக் கையில் வைக்கும் காசு எல்லாம் முதல் கணக்குக்குப் போகட்டும். வர்ணமும் சட்டமும் அதிலிருந்தே வாங்குங்கள். ஒவ்வொரு பத்தாம் திகதியும் அதிலிருந்து 28,000ஐ இரண்டாவது கணக்குக்கு மாற்றுங்கள். அதுதான் உங்கள் சம்பளம். வீட்டுக்குக் கொடுப்பது, போன் கார்ட், சேலை, சீட்டுக் காசு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். ஏப்ரலிலும் 28,000தான், ஒக்டோபரிலும் 28,000தான். முதல் இரண்டு மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும், காசு இருந்தும் எடுக்க முடியவில்லையே என்று எரிச்சல் வரும். அதைத் தாண்டிவிட்டால் அடகுக் கடைப் படி ஏற வேண்டிய தேவை குறையும்.

சராசரியில் மீதி 12,000. அதில் 10,000 ஒதுக்குப் பணம். எவ்வளவு சேர வேண்டும்? வழக்கமாக மூன்று மாதச் செலவு போதும் என்பார்கள். மலையகத்தில் கலைத்தொழில் செய்கிறவருக்கு அது போதாது என்பது என் முடிவு. எண்ணிப் பாருங்கள். 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், 2020இல் கொரோனா, 2022இல் பெட்ரோல் வரிசை, 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும். ஏழு வருடத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலில் நின்றது கல்யாணமும் திருவிழாவும் சுற்றுலாவும்தான், உங்கள் வருமானமும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே ஆறு மாதச் சம்பளம், அதாவது 168,000 சேரும் வரை அதில் கை வைக்காதீர்கள். மாதம் பத்தாயிரம் என்றால் 17 மாதம் பிடிக்கும். பாதியைச் சேமிப்பிலும் பாதியை மூன்று மாத நிலையான வைப்பிலும் போடலாம். அனுமதி பெற்ற வங்கி அல்லது நிதி நிறுவனம் என்றால் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. லயத்துச் சீட்டை விடச் சொல்லவில்லை, தெரிந்த ஆட்கள்தானே. ஆனால் ஒதுக்குப் பணத்தைச் சீட்டில் போட வேண்டாம். அவசரத்துக்குச் சீட்டு நம் கையில் விழும் என்று எந்த நிச்சயமும் இல்லை.

மிஞ்சும் 2,000 முதுமைக்கு. அம்மாவின் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 பிடிக்கிறார்கள், தோட்டம் 12 போடுகிறது, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3. நூற்றுக்கு 23 அவர் பேரில் சேர்கிறது. பட்டதாரி மகள் பேரில் ஒரு சதம் இல்லை. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் கவலை தந்தது இதுதான். சுயதொழில் செய்பவர்களும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தில் தாங்களாகச் சேர்ந்து காசு கட்டலாம். சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டமும் உண்டு, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். 2,000த்தில் தொடங்குங்கள். ஒதுக்குப் பணம் நிறைந்ததும் நூற்றுக்கு 23 ஆக உயர்த்துங்கள். 28,000க்கு அது 6,440.

இனி விலை. ஒரு பென்சில் படத்துக்கு 3,500 வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். வரைய 11 மணித்தியாலம். சட்டமும் கண்ணாடியும் 1,400, ஹட்டனுக்குப் போய்ப் பார்சல் அனுப்ப 600. மிச்சம் 1,500. எட்டு மணி நேரத்துக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1,090 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமே 1,350. நான்கு வருடம் படித்து, பாட்டியின் கண்ணோரச் சுருக்கத்தைக் கூடத் தவறவிடாமல் வரைகிற கை, ஒரு முழுப் பேர் கூடப் போடாத கூலிக்கு உழைக்கிறது. இன்றே 5,500 ஆக்குங்கள். சிலர் போவார்கள், போகட்டும். மாதம் நான்கு படம் போனாலே 8,000 கூடும், பத்து மாதத்தில் 80,000. நீங்கள் கேட்ட டெப்பை அந்தக் காசில் வாங்கலாம்.

பாதிக் காசு முற்பணமாக வராமல் பென்சிலை எடுக்க வேண்டாம். மீதிக் காசு வராமல் படத்தைக் கொடுக்கவும் வேண்டாம். சொந்தக்காரர்களிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படுவீர்கள், தெரியும். "அட்வான்ஸ் வந்தால்தான் சட்டம் வாங்க முடியும் மாமி" என்று சொல்லிப் பாருங்கள். அது உண்மையும்தானே. யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கடனுக்கு வருகிறேன். இப்போது வேண்டாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட "மாதம் நூற்றுக்கு 2 வட்டி" கேட்கச் சின்னதாக இருக்கிறது. மூன்று லட்சத்துக்கு மாதம் 6,000 வட்டி, 24 மாதத்துக்கு 144,000. மாதத் தவணை 18,500. முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்தாலும், கடைசி மாதம் வரைக்கும் முழு மூன்று லட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள். குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 41 வருகிறது. உங்கள் கையில் மிஞ்சுவது மாதம் 12,000, ஒக்டோபரில் மொத்த வரவே 9,000. கடைக்கு வாடகை வேறு. வாரக் கடன்காரர் வாசலில் நிற்கும்போது இஸ்தோப்பில் ஆள் இல்லாததுபோல் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நிலைக்கு நீங்கள் வரக்கூடாது. உங்கள் வாடிக்கையாளர்கள் பேஸ்புக்கிலும் பாடசாலைகளிலும்தான் இருக்கிறார்கள். கடை இப்போது தேவையில்லை.

எல்ல விடுதி விஷயத்தில் கையெழுத்துப் போடாமல் நிறுத்தி வைத்தது நல்லது. அனுப்பிய தாளைப் பார்த்தேன். "அனைத்து உரிமைகளும்" என்று ஒரு வரி இருக்கிறது, அதுதான் ஆபத்து. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்களாக வரைந்த படத்தின் பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்ய வேண்டிய அவசியம் கூட இல்லை. நீங்கள் வாழும் காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும். அந்த ஒரு வரியில் கையெழுத்திட்டால் பேரப்பிள்ளை காலம் வரைக்குமான உரிமை 60,000த்துக்குப் போய்விடும். படம் ஒன்றுக்கு 7,500தான். மறுப்பாகச் சொல்ல வேண்டாம், வேறு மாதிரிக் கேளுங்கள்: கோப்பையிலும் டீசேர்ட்டிலும் மட்டும் அச்சடிக்க, இரண்டு வருடத்துக்கு அனுமதி. அதற்கு 60,000, அத்தோடு விற்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு தொகை, படத்தின் கீழ் உங்கள் பெயர். எழுத்தில், இருவர் கையெழுத்தோடு. ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள். எல்லவில் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை.

வரிக்குப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரலிலிருந்து வருடத்துக்கு 1,800,000 ரூபாய் வரை தனிநபர் நிவாரணம் இருக்கிறது, நீங்கள் அதற்கு வெகு கீழே. வரி இலக்கத்தை மட்டும் எடுத்து வையுங்கள். வைப்பு வட்டியில் நூற்றுக்கு 10 வரி பிடிக்காமல் இருக்க, வருமானம் வரி எல்லைக்குக் கீழே என்று வங்கியில் சுயபிரகடனம் கொடுக்கும்போது அது வேண்டும்.

மாமாவைக் கோபிக்காதீர்கள். அவர் பயத்தில் சொல்கிறார், அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா ஹட்டன் டவுனில் கடைகளுக்குப் போர்ட் எழுதினவர். நூல் பிடிக்காமலே நேர்கோடு இழுப்பார். ஃப்ளெக்ஸ் அச்சு வந்த இரண்டு வருடத்தில் ஓர்டர் நின்றுபோனது. அவர் இறந்த பிறகு பழைய சப்பாத்துப் பெட்டி ஒன்றைத் திறந்தோம். அளவு வாரியாக அடுக்கிய தூரிகைகள், மயிர் காயாமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். கணினியில் வடிவமைக்கப் பழக அவருக்கு ஆசை இருந்தது, எங்களிடம் கேட்டுமிருந்தார். ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் பழக வீட்டில் அரிசி இருக்கவில்லை. நான் ஒதுக்குப் பணம், ஒதுக்குப் பணம் என்று உங்களைத் தொல்லைப்படுத்துவதற்குக் காரணம் அந்தப் பெட்டிதான்.

கொழும்புக் கடை வேண்டாம், வகுப்பைப் பெருக்குங்கள். இப்போது 18 பிள்ளைகள் மாதம் ஆயிரம் வீதம் 18,000 தருகிறார்கள். புயலுக்குப் பிறகும் முதலில் திரும்பி வந்தது அந்தக் காசுதானே. சாதாரண தரத்தில் சித்திரம் எடுக்கும் பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை இன்னொரு வகுப்பு வைத்தால், பத்துப் பேர் சேர்ந்தாலே உங்கள் 28,000 சம்பளம் வகுப்பிலிருந்து வந்துவிடும். அப்புறம் வரைகிற ஒவ்வொரு படமும் மேலதிகக் கிலோ. சித்திர ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் கோரினால் அதையும் போடுங்கள். ஓய்வூதியம் உள்ள வேலை, மாலையில் வரையவும் நேரம் கிடைக்கும். அதை எடுத்தால் கலையைக் கைவிட்டதாக ஆகாது.

அடகில் இருக்கும் தோட்டை, ஒதுக்குப் பணம் தொடங்கும் முன் முதலில் மீட்டுக் கொடுங்கள். அந்த வட்டி வைப்பு வட்டியை விடக் கூட. விடுதிக்கு அனுப்பும் பதிலை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.