காலையில் பித்தளை, பின்னேரம் பந்து

வாசகர் கேள்வி, எங்கள் பதில்

திருகோணமலை நகரில் ஒரு சனிக்கிழமை: காலையில் பழைய பொருள் பார்க்க வேண்டும், பின்னேரம் உதைபந்தாட்டம் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் சரிவருமா? (உப்புவெளி வாசகர்)

சரிவரும். ஆனால் பொருள் பார்ப்பதைக் காலையில் முடித்துவிடுங்கள். உலோகத்தில் வைத்த பற்றும் மரத்தில் அடித்த புதுப் பூச்சும் பகல் வெளிச்சத்தில்தான் தெரியும். குழல் விளக்கின் கீழ் எல்லாப் பித்தளையும் பழசுதான்.

'தொல்பொருள்' என்று பலகை போட்ட கடையைத் தேடி அலையாதீர்கள். பழைய இரும்புக் கடை, பாவித்த தளபாடக் கடை, நிறைக்குப் பாத்திரம் வாங்கி விற்கிற இடம், இவைதான் உங்கள் சந்தை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகைக்குப் பல கடைகள் பூட்டு, ஞாயிறும் போயாவும் நிச்சயமில்லை. அதனால் நீங்கள் தெரிவுசெய்த சனிக்கிழமையே சரி. ஒரு சிறு கைவிளக்கு, ஒரு காந்தத் துண்டு, அளவு நாடா, பழைய துவாய் கொண்டுபோங்கள். பாரமான எதையும் மைதானத்துக்குக் காவ வேண்டாம். முற்பணம் கொடுத்துத் துண்டு எழுதி வாங்குங்கள், ஞாயிறு காலை ஆட்டோவில் போய் ஏற்றலாம். துண்டில் பொருளின் உயரமும் உடைவுகளும் எழுதியிருக்கட்டும். இல்லாவிட்டால் மறுநாள் வேறொரு விளக்கு உங்களுக்காகக் காத்திருக்கும்.

நூறு வருட வெண்கலக் குத்துவிளக்கு என்கிறார்கள். எப்படி நம்புவது? (மூதூர் வாசகி)

வருடத்தை விடுங்கள், முதலில் விளக்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தட்டின் உட்பக்கம் சீமெந்து அல்லது அரக்கு நிரப்பியிருந்தால் அது நிறை காட்டுவதற்கான வேலை. நிறைக்கு விலை பேசும் கடையில் நீங்கள் சீமெந்துக்குக் காசு கொடுப்பீர்கள். அடுத்து காந்தம்: ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை முலாம்.

வெண்கலம் செம்பும் தகரமும், பித்தளை செம்பும் துத்தநாகமும். தகழியை, அதாவது எண்ணெய் விடும் தட்டை, மட்டும் கழற்றி விரல் நுனியில் ஏந்திச் சுண்டுங்கள். தகரம் கூடிய நல்ல வெண்கலம் மணிபோல நீள ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கும். வெடிப்பு இருந்தாலும் ஒலி அடங்கும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

துண்டுகளைப் பூட்டும் திருகு மரைதான் அதிகம் பேசும். கையால் வெட்டிய மரை, தன் சோடியோடு மட்டும்தான் இறுகும். கடைசல் இயந்திர மரை, பக்கத்தில் நிற்கும் மற்ற விளக்கின் தண்டுக்கும் பொருந்தும். ஆகவே இரண்டு விளக்குகளின் துண்டுகளை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். தாராளமாகப் பொருந்தினால் 'பாட்டன் காலத்து' என்ற கதையைச் சிரித்துக்கொண்டு கேட்கலாம்.

தேய்வு எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். பாவித்த விளக்கில் திரி வைக்கும் மூக்கு கருகித் தேய்ந்திருக்கும், கை பிடிக்கும் தண்டு வழவழப்பாகும், கை எட்டாத பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கும். மருந்தடித்து முதுமை ஏற்றிய விளக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. சாம்பல் நிறத் திட்டு ஈயப்பற்று. பற்று வைத்தது குற்றமல்ல, மறைப்பதுதான் குற்றம். கடைசியாகத் தகழியில் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கசிந்தால் அது அலங்காரத்துக்கு மட்டும்.

வாங்கியதைப் புளி போட்டு மினுக்கலாமா?

ஏற்றப்போகும் விளக்கென்றால் மினுக்குங்கள், கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். சேர்த்து வைக்கும் பொருளென்றால் வேண்டாம். புளியின் அமிலம் பழைய மேற்படையையே தின்றுவிடும், சாம்பல் கீறும். கடற்கரை வீடுகளில் வெளிர்பச்சைத் தூள் கிளம்பினால் அது அழுக்கல்ல, உப்பு உலோகத்தை அரிக்கிறது. அந்தப் பொருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத இடத்தில் மூடி வையுங்கள்.

ஒல்லாந்தர் செப்புக்காசு ஒன்றில் கம்பனி முத்திரைக்கு மேல் 'டி' (T) எழுத்து இருக்கிறது. அசலா? (கிண்ணியா வாசகர்)

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இலங்கையில் அடித்த தடித்த செப்புக்காசுகளில் 'டி' என்பது திருகோணமலை நாணயசாலையின் அடையாளம். கொழும்புக்கு 'சி', காலிக்கு 'ஜி'. ஊர்க்காரருக்கு ஆசை வருவது நியாயம்தான், போலி செய்கிறவர்களுக்கும் அந்த ஆசை தெரியும்.

அசல் காசு செப்புக் கம்பியைத் துண்டாக வெட்டி, மேலே அச்சால் அடித்தது. அதனால் வட்டம் ஒழுங்காக இராது, முத்திரை பாதி வெளியே போயிருக்கும், ஒன்றுபோல் இன்னொன்று வராது. கடைக்காரரிடம் இரண்டு இருந்தால் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே இடத்தில் அதே சொட்டை இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை. விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினாலும், எழுத்தின் ஓரங்கள் சவர்க்காரம்போல் கரைந்திருந்தாலும் வார்ப்புத்தான்.

புதிதாகச் சேர்க்கிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு பிரித்தானியக் காலத்து வெள்ளி 50 சதம். 1892இலிருந்து வந்தவற்றில் 80 வீதம் வெள்ளி, 1919 முதல் 55 வீதம். நிறை 5.83 கிராம். நகைக்கடைத் தராசிலேயே சோதிக்கலாம், ஏமாறும் வாய்ப்புக் குறைவு.

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு இப்படியான பொருளை அனுப்பலாமா? (சாம்பல்தீவு வாசகி)

அனுமதி இல்லாமல் அனுப்பாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை தொல்பொருள். நாட்டை விட்டுக் கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் உத்தரவுப்பத்திரம் வேண்டும். அதற்குப் பிற்பட்ட பழைய பொருளென்றாலும் முதலில் திணைக்களத்தில் கேளுங்கள், விமான நிலையத்தில் வாதாட முடியாது. காணியில் கிண்டும்போது கிடைத்ததாகச் சொல்லி விற்றால் வாங்கவே வேண்டாம். நிலத்துக்குள் இருந்து வரும் தொல்பொருள் அரசுக்குரியது.

பிரம்புச் சாய்மனைக் கதிரையில் ஊசித் துளைகள். வாங்கலாமா?

துளை பழையதா, பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதே கேள்வி. கதிரையைத் தட்டி, கீழே வெள்ளைத் தாள் விரித்து இரண்டு மூன்று நாள் விட்டுப்பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் நல்லது. புதிதாக மா கொட்டினால் உளு உயிரோடு இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவுவது மேலே உள்ளதைத்தான் கொல்லும். முதிரையின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கடின மரத்தில், உளு அதிகம் இறங்காது, வெளிறிய ஓரக்கட்டையில்தான் வேலை காட்டும்.

இருக்கையின் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளையிட்டுப் பிரம்பு கோத்திருந்தால் கைப்பின்னல். ஒரு பள்ளத்துக்குள் பாய்போல அழுத்தி ஒட்டியிருந்தால் தயாராக வாங்கிய பின்னல், இருக்கையாவது பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம்.

மைதானத்தில் எங்கே இருந்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும்? (பாலையூற்று வாசகர்)

ஏகாம்பரம் மைதானமோ மக்கெய்சர் அரங்கோ, இரண்டும் நகருக்குள்ளேயே இருப்பதால் கடைகளை முடித்துச் சாப்பிட்டுவிட்டு ஆறுதலாகப் போகலாம். முதுகில் வெயில் படும்படி மேற்குப் பக்கம் இருங்கள். நடுக்கோட்டுக்கு நேரே, சற்று உயரத்தில் இருந்தால் பின்வரிசை நகர்வது தெரியும். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆரவாரம் உண்டு, ஓஃப்சைட் தெரியாது.

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று ஆட்டத்தை மாற்றிவிடும். பந்து 410 முதல் 450 கிராம்தான், உயர்த்தி அடித்தால் காற்று எடுத்துப்போய்விடும். நாணயச் சுழற்சியில் வென்றவர் பக்கத்தைத் தெரிவுசெய்யலாம், 2019 முதல் அதற்குப் பதிலாகப் பந்தைத் தொடக்கும் உரிமையையும் தெரிவுசெய்யலாம். எதை எடுத்தார் என்று கவனியுங்கள். காற்றோடு ஆடும் பாதியில் கோல் அடிக்காத அணிக்கு மற்றப் பாதி சிரமம். கச்சான் காற்றுக்குக் கச்சான் சுருள் கையில் இருந்தால் போதும், குடை விரித்துப் பின்னால் இருப்பவரின் சாபத்தை வாங்காதீர்கள்.

நான்கு மணிக்குத் தொடங்கும் முழு ஆட்டம், இடைவேளை 15 நிமிடமும் சேர்த்து, ஆறு மணிக்குச் சற்று முன் முடியும். மேலதிக நேரம் 30 நிமிடம் வந்தால் இருட்டிவிடும். அதனால்தான் உள்ளூர்ச் சுற்றுப்போட்டிகளில் பாதிகளைச் சுருக்குவதும், சமநிலையானால் நேரே தண்ட உதைக்குப் போவதும். கடைசி பஸ்ஸில் போகிறவர்கள் போட்டி விதியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை, புறப்படும் முன் ஆட்டம் நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

இரவில் வீட்டில் இங்கிலாந்து ஆட்டம் நேரடியாகப் பார்க்க எத்தனை மணி?

அங்கே பிற்பகல் 3 மணி ஆட்டம் இங்கே இரவு 7.30. ஒக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை 8.30. அங்கே 12.30க்குத் தொடங்குவது இங்கே மாலை 5 அல்லது 6 மணி, மைதானத்தில் இருக்கிறவர்களுக்கு அது கிடையாது.